தேதி எழுதாத மாடம்

எடெல்மிரா அக்காவின் வாய்க்கு அஞ்சாதவர் எங்கள் மௌலே மலைப்பக்கம் கிடையாது. பதினாலு வயதில் மரக் கம்பெனிக்குப் பைன் கன்று நடப் போனவள், இருபத்தாறு வருடம் நட்டாள். காட்டைக் கொளுத்திவிட்டு, சாம்பல் ஆறுமுன் நடுவார்கள். அந்தக் காட்டில்தான் ருயில் மரம் இருந்தது. உலகத்தில் எங்கள் மலையை விட்டால் வேறு காடு அதற்கில்லை. அதையே கரிமூட்டம் போட்டு விற்றவர்கள் நாங்களும்தான், வெட்கக்கேடு!

மிஞ்சியது அவள் வீட்டுக்குப் பின்னால், ஓடைச்சரிவில் முப்பத்தொரு மரம். விதை பொறுக்கி எண்ணெய் டின்களில் போடுவாள். நூறு போட்டால் நாலு முளைக்கும். அதையும் முயல் தின்றுவிட்டால் அன்றைக்கு ஊருக்கே வசவு.

எட்டு வருடத்துக்கு முன், லாரிப் பாதைக்காக அந்தச் சரிவை வெட்டக் கம்பெனி முடிவு செய்தது. ருயிலை வெட்டக்கூடாதென்று சட்டம் இருக்கிறது. சட்டமா வந்து மரத்தடியில் படுக்கும்? அக்கா மனு கொடுத்தாள். "பார்க்கிறோம்" என்றார்கள்.

புல்டோசர் வருவதற்கு முதல் நாள் அவள் செங்கல் சுமந்தாள். அகாலமாகச் செத்தவருக்கு, உயிர் போன இடத்திலேயே மாடம் கட்டி மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். அதை இடித்தவன் விளங்கமாட்டான் என்று எந்த டிரைவரும் சொல்வான்.

பெரிய ருயிலின் அடியில் மாடத்தைக் கண்டதும் டிரைவர் எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான். மேஸ்திரி லிசாந்த்ரோ கத்திக்கொண்டே ஓடி வந்து, மாடத்தில் பதித்திருந்த பெயர்ப் பலகையைப் படித்தான்.

"எடெல்மிரா கன்சினோ... யக்கா, இது உம் பேராச்சே!"

"ஆமா."

"நீதான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே!"

"அதான் தேதி எழுதல. வண்டிய ஏத்துடா, இன்னிக்குத் தேதியப் போட்டுக்கலாம்."

சொல்லிவிட்டு மாடத்தில் சாய்ந்து உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த நான் வெந்நீர்க் கெட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ஏத்துடா!" என்றான் மேஸ்திரி.

"நீயே ஏத்துண்ணே. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று டிரைவர் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். மேஸ்திரி சாவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். ஏறவில்லை. கடைசியில் லாரிப் பாதை எதிர்மலையைச் சுற்றிப் போயிற்று.

இப்போது லாரிக்காரர்கள் வந்து அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். "வேர்ல மெழுகு ஊத்தாதீங்கடா, எழவெடுத்தவனுங்களா!" என்று விரட்டுவாள்.

போன மாதம் அவளுக்கு நெஞ்சுவலி. கட்டிலில் கிடந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் போயிட்டா, பலகையில தேதிய எழுதித் தொலைச்சிடாத."

"ஏங்க்கா?"

"எழுதிட்டா கெழவி செத்துட்டான்னு மரத்த வெட்ட வந்துருவானுங்க. இருக்கேன்னே நெனைக்கட்டும்."