நான் நகர்த்தி வைத்த மரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம். ஹட்டனில் நான் வேலை செய்யும் புத்தகக் கடையில் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் ஃபோனில் வந்தார். வட்டகொடைப் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே அவர் இன்னும் குடும்பத்தோடு இருக்கிறார்.

"தங்கச்சி, எதிர் மலையில தனி வீடு கட்டப் போறாங்க. மண்ணு வெட்டுற பெக்கோ வந்து நிக்குது. அம்மா இடத்த மட்டும் விட்டுட்டு வெட்டச் சொல்லி ஆபீசர்கிட்ட சம்மதம் வாங்கிட்டேன். நாளைக்கு நீயும் வந்துரு" என்றார்.

அம்மா இடம் என்று நாங்கள் சொல்வது அம்மாவைப் புதைத்த இடத்தை. எங்கள் தோட்டத்தில் தேயிலைக்கு நடுவேதான் புதைப்பார்கள். கல்லோ பெயரோ கிடையாது. அம்மாவின் தலைமாட்டில் ஒரு சவுக்கு மரம் நின்றது, அதுதான் அடையாளம். அம்மா போனபோது நான் எட்டாம் வகுப்பு. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். தந்தி கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் மண் மூடியாகிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அடையாள அட்டையும் இல்லை. அதனால் அண்ணன் வீட்டுச் சுவரில் அம்மாவுக்குப் பதிலாக நான் வரைந்த படம் ஒன்று தொங்குகிறது. அம்மா போன சில வாரங்களில் நாங்கள் அப்போது இருந்த லயத்து வரிசை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து, எதிர் மலையைப் பார்த்து, போஸ்டர் கலரில் வரைந்தது. பெரிய பாறை ஒன்று, சவுக்கு மரம், மரத்தடியில் சின்ன மண்மேடு. அண்ணன் அதற்குச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் காட்டுவார். நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறேன். என் படங்களில் கற்பூரம் கண்டது அது ஒன்றுதான். மற்றதை எல்லாம் எங்கள் முதலாளி நாட்காட்டிக்குக்கூட எடுக்க மாட்டார்!

மறுநாள் காலை ரயிலில் போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அண்ணன் கொழும்பை விட்டு ஊரோடு வருவதற்கு முன்பே அந்த மரத்தைப் பலகைக்காக வெட்டிவிட்டார்கள். அந்த மலையும் கைவிடப்பட்டு, ஆள் உயரத்துக்கு மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. அன்று குழி வெட்டியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. பாறை ஒன்றுதான் மிச்சம். பாறையையும் என் படத்தையும் வைத்துத்தான் அண்ணன் இடத்தைக் குறித்திருப்பார். ஏதோ நானே அம்மாவைக் காப்பாற்றப் போகிற மாதிரி ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தலவாக்கலை தாண்டியதும் வெளியே ஒரு மேட்டில் தனியாக ஒரு மரம் கடந்து போனது. சட்டென்று பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் ஞாபகத்துக்கு வந்தார். மரத்தை நடுவில் வைக்காதே, படம் இரண்டாகப் பிளந்துவிடும் என்று ஓயாமல் சொல்லுவார். அம்மா படத்திலும் முதலில் பென்சிலில் மரத்தை நடுவில்தான் போட்டிருந்தேன். வண்ணம் தீட்டும்போது ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வர, அதை அழிக்காமலே மேலே வெள்ளை பூசி மூடிவிட்டு, மரத்தைத் தள்ளி ஓரத்தில் வரைந்தேன். மரம் போன இடத்துக்கு மண்மேட்டையும் கொண்டுபோனேன்.

ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து ஓடினேன். நான் பயந்தபடியே இருந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாறைக்கு வலது பக்கம் வெகுதூரம் தள்ளி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார். பெக்கோ பாறைப் பக்கமாக உறுமிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அம்மா மேலேயே இரும்பு இறங்கியிருக்கும்.

சொல்லாமல் இருக்க முடியுமா? தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா நான் எங்க பாத்துக் கும்புட்டேன்?" என்றார்.

அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது. சரியான இடத்தையாவது சொல்லிவிடலாம் என்று கண்ணை மூடி யோசித்தேன். அப்போதுதான் அந்த வினோதம் புரிந்தது. எத்தனை முறை கண்ணை மூடினாலும் மரம் நான் வரைந்த ஓரத்தில்தான் வந்து நின்றது. அந்த வண்ணத்தின் வாசனை ஞாபகம் இருக்கிறது, படியின் ஈரம் ஞாபகம் இருக்கிறது, மரம் உண்மையில் நின்ற இடம் மட்டும் துப்புரவாக ஞாபகம் இல்லை. அண்ணனை மட்டுமல்ல, என்னையும் சேர்த்தே ஏமாற்றியிருந்தேன்.

பெக்கோ ஓட்டுபவர் ஒரு சிங்களத் தம்பி. எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயம் விளங்கியிருக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "அக்கா, மெதுவா பாருங்க. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்றார். அன்று அவர் குடித்த தேத்தண்ணி ஒன்றரை மணி நேரம் நீடித்தது. அவர் யாருக்கு என்ன பதில் சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது.

படத்திலேயே ஏதாவது தடயம் இருக்குமா என்று அதை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டத்தைப் பிரித்தேன். எங்கள் மலைக் குளிரிலும் ஈரத்திலும் போஸ்டர் கலர் எத்தனை நாள் தாங்கும்? வெள்ளை பூசிய இடம் பொரிந்து உதிர்ந்திருந்தது. பாறைக்குப் பக்கத்தில், பனிமூட்டமாக நான் வரைந்திருந்த வெள்ளைக்குள், மெல்லிய சாம்பல் கோடு ஒன்று செங்குத்தாகத் தெரிந்தது. நான் அதை உற்றுப் பார்ப்பதைக் கண்ட அண்ணி சாதாரணமாகச் சொன்னார்.

"அது அத்தை தானே? பனிக்குள்ள நிக்கிறாங்கன்னு ஒங்க அண்ணன் புள்ளைங்களுக்கெல்லாம் காட்டுவாரு. அந்தக் கோட்டுக்கு நேராத்தான் கற்பூரம் காட்டுவாரு."

ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்தேன். கோட்டின் மேல் பக்கம் கிளைகள் பிரிந்தன. நான் மூடி மறைத்த பென்சில் மரம் அது.

அந்த லயம் இன்னும் இருக்கிறது. அதே வாசற்படியில் போய் உட்கார்ந்து, கையை நீட்டிப் படத்தைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் படத்துப் பாறையை மலைப் பாறையோடு பொருத்தினேன். அண்ணன் எதிர் மலையில் புல்லுக்குள் ஒரு கம்பைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். "இடது பக்கம்!" என்று நான் கத்துவேன். அவர் தன்னுடைய இடது பக்கம் போவார். "ஒன் இடதா, என் இடதா? ஒழுங்காச் சொல்லு!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அவர் கம்பும் என் பென்சில் கோடும் ஒன்றாகச் சேர்ந்தன. "அங்கதான், நில்லுங்க!" என்றேன்.

கத்தியால் புல்லை வெட்டிக்கொண்டே போனவர் திடீரென்று குனிந்தார். நான் மலையேறி மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது, உளுத்துப்போன அடிக்கட்டை ஒன்று புல்லுக்கடியில் தெரிந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்தான் வாய்விட்டு அழுதேன்.

பெக்கோத் தம்பி வந்து பழைய கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்து இங்கே கட்டினார். நாங்கள் கேட்காமலே சுற்றிலும் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி, கூட்டி இடம் விட்டார். இன்றைக்கு அங்கே வீடுகள் எழும்பிவிட்டன. இரண்டு வீட்டுக்கு நடுவே அம்மா இடம் குரோட்டன் வேலியோடு இருக்கிறது.

மரத்தைச் சரியான இடத்தில் வைத்துப் புதிதாக வரைந்து தருகிறேன் என்று அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். "அதுல கை வைக்காத. அம்மா அதுலதான் நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் பழைய படத்தையே மறுபடி மாட்டிவிட்டார்.

இப்போதெல்லாம் வரையும்போது மரம் நடுவில் வந்தால் நடுவிலேயே விட்டுவிடுகிறேன். அழகாக இருக்கட்டும் என்று நான் மறைத்துவிட்ட ஒரு கோட்டில் அண்ணன் இத்தனை வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், இன்றும் என் தூரிகை ஒரு நிமிடம் தயங்கித்தான் தாளில் இறங்குகிறது.