டிகிரி பார்க்காமல் வாங்கிய பிராசசர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போன சாமானைவிட, நல்லபடியாக இருந்தும் ஒன்றோடொன்று சேராத இரண்டு சாமான்கள்தான் ஆளை அதிகம் அழவைக்கும். பிராசசரை ஒரு கடையிலும் மதர்போர்டை இன்னொரு கடையிலும் வாங்கிவிட்டு, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு விழித்தவரா நீங்கள்? வாருங்கள், உட்காருங்கள், நீங்கள் நம்ம ஆள்.

மரக்காணத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இங்கே உப்புக் காற்றில் வெளியே வைத்த ஸ்க்ரூ மறுவாரமே சிவந்துவிடும். ஆனால் என்னை மாட்டிவிட்டது காற்று இல்லை, என் அவசரம்.

உட்கார்ந்தது, எழவில்லை

ஏழுமலை அண்ணனுக்கு ஊருக்கு வெளியே உப்பளம். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு லாரி பில் போடுவதற்குள் டீ ஆறிவிடும். பிராசசரை மாற்றினால் பறக்கும் என்று நான்தான் ஆசை காட்டினேன். பழையதைக் கழற்றிப் பார்த்தேன், ஆறாவது ஜெனரேஷன். எட்டாவதுக்கும் அடியில் அதே எண்ணிக்கையில்தான் போர்டைத் தொடும் புள்ளிகள். போதாதா? அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய் எட்டாவது ஜெனரேஷன் ஐ ஃபைவ் ஒன்றை வாங்கி வந்து வைத்தேன். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த மாப்பிள்ளை மாதிரியே அதற்குப் பிறகு ஒரு வேலையும் செய்யவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது, திரை கருப்பாகவே இருந்தது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை வாங்கிய பிறகு பார்த்தேன். அந்த மதர்போர்டு ஏழாவது ஜெனரேஷன் வரைக்கும்தான் ஏற்கும் என்று அதைத் தயாரித்தவர்களே இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். வாங்கிய கடையில் திருப்பி எடுக்கவில்லை. பழைய பிராசசரையே மறுபடி மாட்டிவிட்டு உப்பளத்துக்குப் போனேன். அண்ணன் வரப்பில் குந்தி, கண்ணாடிக் குழாய் ஒன்றை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு அதன் கெட்டியை, உப்பளத்துப் பேச்சில் டிகிரியை, அளந்துகொண்டிருந்தார். தப்பு என்னுடையதுதான், ஈடு கட்டிவிடுகிறேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழாயை எடுத்து என்னிடம் காட்டினார்.

"தண்ணி டிகிரி வந்துச்சான்னு பாக்காம பாத்தியில வுட்டா உப்பு பூக்குமா? நீ டிகிரி பாக்காம வுட்டுட்டம்மா. சரி வுடு, அந்த சாமான நீயே பத்திரமா வச்சிக்க, எதுக்காச்சும் ஆவும்."

ஒன்றாவது என்று ஒதுக்கியது

அன்றிலிருந்து கடையில் 'டிகிரி' என்றாலே ஜெனரேஷன்தான். சுவரில் ஒரு அட்டையும் எழுதி மாட்டினேன்: 'ஐ த்ரீ, ஐ ஃபைவ் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அதன் பின்னால் வரும் சிறு கோட்டுக்கு அடுத்த முதல் எண்தான் ஜெனரேஷன்.' எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த அட்டையை நம்பி ஒருவர் தூக்கத்தைத் தொலைத்தார். மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கும் கோபால், மகளுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பெட்டியோடு கடைக்கு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. கோட்டுக்கு அடுத்து 10100 என்று இருந்தது. முதல் எண் ஒன்று, அதனால் இது ஒன்றாவது ஜெனரேஷன், மியூசியத்து சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, விற்றவரோடு சண்டையும் போட்டுவிட்டார். ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு எண்ணைச் சேர்த்துப் படிக்க வேண்டும், இது பத்தாவது என்று விளக்கினேன். அட்டையில் அதை எழுதாமல் விட்டது நான்தான் என்பதையும் ஒத்துக்கொண்டேன். அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல பொருள வித்தவன்கிட்ட சண்ட போட வச்சிட்டியேக்கா! இப்ப போயி அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும், நீயும் கூட வா."

போனேன்.

ஏழு என்றால் ஏழாவது இல்லை

கலைவாணியின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்க ஒரு வாரம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பைக்கில் தார்ப்பாய் சுற்றிய பெட்டி ஒன்றோடு கலைவாணி வந்து இறங்கினாள். சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பில் சரிபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஒரே நிபந்தனை. கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் அனுப்பும் சின்ன புரோகிராமை ஓடவிட்டால் பச்சை டிக் வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. இவளுக்கு வந்தது சிவப்பு. திங்கட்கிழமை காலை வரை டைம் கொடுத்திருந்தார்கள்.

"ஐ செவன்க்கா, ஏழாவது ஜெனரேஷன், கொஞ்சம் தட்டினா புது விண்டோஸ் வந்துடும்னு விக்கிறப்ப சொன்னாங்க" என்றாள். பெட்டியைத் திறந்து எண்ணைப் படித்தேன்: 2600. ஐ செவன்தான், ஆனால் ரெண்டாவது ஜெனரேஷன். புது விண்டோஸ் எட்டாவதுக்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்காது. எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலே இதை அவளிடம் சொன்னேன்.

"இந்தத் தடைக்காலத்துல யாருகிட்டயும் கை நீட்ட வேணாம், நான் பாத்துக்கறேன்னு அவருகிட்ட சொல்லிட்டேனேக்கா."

டிபன் பாக்ஸில் இருந்தது

எட்டாவதுக்குக் கீழே கூடாது என்று அவளிடம் சொன்ன வாய்தான் எனக்கு ஞாபகப்படுத்தியது. என்னிடம் ஒரு எட்டாவது இருக்கிறதே! ஐந்து வருஷமாக, உப்புக் காற்று படாமல், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில். ஏழுமலை அண்ணனுக்கு போன் போட்டேன். "எட்த்துக்கோ, அதுக்குத்தான வச்சிக்கச் சொன்னேன்" என்றார். இனி அதை ஏற்கும் போர்டு வேண்டும்.

இடையஞ்சாவடி சங்கர் ஆரோவில்லில் ஒரு ஆபீஸில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறான். அங்கே கழித்துப் போடும் சாமான்களைக் கேட்டு வாங்கி எனக்குக் கொடுப்பான். அவனிடம் பிராசசரைக் கழற்றிய போர்டு ஒன்று சும்மா கிடந்தது. இந்தத் தடவை நான் புள்ளிகளை எண்ணி ஏமாறவில்லை. போர்டின் மேல் அச்சடித்த எண்ணை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதைத் தயாரித்தவர்களின் பட்டியலில் என் பிராசசரின் எண்ணைத் தேடினேன், இருந்தது. அப்படியும் மனசு ஆறாமல், மெமரிக்கான ராம் சேருமா என்றும் பார்த்தேன். கலைவாணி பெட்டியில் இருந்தது பழைய வகை, சேராது. "போர்டுலயே ஒண்ணு மாட்டியிருக்குதுக்கா, அப்படியே எட்த்துட்டு வர்றேன்" என்றான் சங்கர். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராக வந்து கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை, கலைவாணி பக்கத்தில் இருக்க, அவள் பெட்டி, பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க்கோடு எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினேன். சுவிட்சில் கை வைக்கும்போது பழைய கருப்புத் திரை கண்ணுக்குள் வந்து நின்றது. கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த ஏழுமலை அண்ணன், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "டிகிரி பாத்துட்டியா?" என்றார். "மூணு தடவ பாத்துட்டேண்ணா" என்றேன். சுவிட்சைப் போட்டேன். திரை எழுந்தது. புது விண்டோஸ் ஏற்றி, கம்பெனி புரோகிராமை ஓடவிட்டோம். பச்சை.

நான் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது? அன்று அண்ணன் என்னைத் திட்டி அந்தப் பிராசசரைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால், இன்று இவளுக்குக் கொடுக்க என்னிடம் ஆறுதல் வார்த்தைதான் இருந்திருக்கும். கலைவாணி அவரைக் கும்பிடப் போனாள். அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"என்ன ஏம்மா கும்புடற? அஞ்சு வருசம் முன்னாடியே உனக்குன்னு தப்பா வாங்கி வச்சாளே, அவளக் கும்புடு."

என் தொழில் வாழ்க்கையில் நான் உருப்படியாக வாங்கிய ஒரே பிராசசர் அதுதான், என்ன, போர்டும் ஆளும் வந்து சேரத்தான் ஐந்து வருஷம் ஆனது.