தங்கச்சியின் குறட்டை கேசட்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே பிரபலம் என் தங்கச்சியின் குறட்டைதான். அவளுக்கு ஒன்பது வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அவள் தூங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். "இந்தச் சத்தத்துக்கு மண்டோர் வேலையே குடுக்கலாம்லா" என்பார் அப்பா; ஆட்களைக் கத்தி மேய்க்கும் கங்காணிதான் மண்டோர்.

நடுநடுவே குறட்டை நின்றுபோகும். அப்பாடா என்போம், நாங்கள் அவ்வளவு அறிவாளிகள். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள்போல் திணறி மூச்சை இழுப்பாள். பகலில் சோற்றுத் தட்டின் மேலேயே சாய்ந்துவிடுவாள். சோம்பேறி என்று நானே குட்டியிருக்கிறேன். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்தார். கால் சுளுக்கு என்று போனாலும் அவர் அதைத்தான் கொடுப்பார்.

ஒரு மத்தியானம் அவள் உதடு நீலமாக இருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.

"இந்த மாதிரிப் புள்ளைங்க கொறட்ட விடுறது சகஜம்லா, அம்மா" என்றார் டாக்டர். தமிழர், அவசரக்காரர். எதற்கும் பார்ப்போம் என்று வார்டில் படுக்க வைத்தார். நர்ஸ்களைக் கண்ட குஷியில் தங்கச்சி கண்ணையே மூடவில்லை. ஆடிக்கூடக் காட்டினாள். நாங்கள் பொய்யர்களாகத் திரும்பினோம்.

"புள்ள செத்தாத்தான் நம்புவானுங்களா?" என்றாள் அம்மா பஸ்ஸில்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் தூங்கியதும் அப்பாவின் கேசட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தேன். வீட்டில் இருந்தது ஒரே கேசட், முருகன் பாட்டு. அதன் மேலேயே பதிவு செய்தேன்.

"அடியே, அது சாமிப் பாட்டுடி!" என்று அப்பா போட்ட கத்தலும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

மறுபடி பஸ் ஏறிப் போய் டாக்டர் அறையில் கேசட்டை ஓடவிட்டோம். முருகன் பாதி வரியில் போய்ச் சேர்ந்தார், அப்பா கத்தினார், குறட்டை கிளம்பியது. டாக்டர் சிரித்தார். பிறகு குறட்டை நின்றது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் எங்கோ ஒரு சேவல் கூவியது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூச்சு திணறி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தூக்கத்துல மூச்சே நிக்குதே. எத்தன நாளா இப்படி?"

"பொறந்ததுலேர்ந்து" என்றார் அப்பா.

இத்தனை வருஷமும் இதைக் கேட்டுத்தான் சிரித்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும்.

டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்து அடைத்திருந்த சதையையும் எடுத்தார்கள். சில வாரங்களில் குறட்டை அடங்கியது. அம்மாவுக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை. ரப்பர்பால் எடுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு வந்ததும் வராததுமாக, தூங்குகிறவளின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் தங்கச்சி கண்ணைத் திறந்து மூக்கைச் சுளித்தாள்.

"ச்சீ! அம்மா கை நாறுது."

ஒன்பது வருஷமாக அந்தக் கையால் சோறு தின்றவள். அன்றைக்குத்தான் அவளுக்கு ரப்பர்பால் வாடை தெரிந்திருக்கிறது.

அம்மா விரலை முகர்ந்து பார்த்தாள். "ஆமாடி, நாறுது" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.