அம்மாவுக்கு ஒரு பெங்களூர் விலாசம்

ஆஸ்பத்திரியில் கேட்கிற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதற்காக எங்களைப் பொய்யர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ரேஷன் கடையிலும் ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடமும் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டோம். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் வாய் வேறு மாதிரி பேசும்.

போன மாதம் அக்காவுக்குத் துணையாகப் பெங்களூர் போயிருந்தேன். அக்காவுக்கு நாற்பது வயது. மார்பில் கட்டி. அது புற்றுநோய்தான் என்று முன்பே தெரிந்துவிட்டது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் அன்று வரச் சொல்லியிருந்தார்கள். சின்ன வயது டாக்டர். அறுபது வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு இந்த நோய் எந்தெந்த ஊர்ப்பக்கம் கூடுதலாக வருகிறது என்று அவர் ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பிறந்த ஊரைக் கேட்டவர் நிமிர்ந்து பார்த்து, கோலார் தங்க வயலிலிருந்து வந்தவர்கள் பழைய ஃபைல்களில் அவ்வளவாக இல்லையே என்றார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"இல்ல சார். எங்கம்மாவுக்கு வயித்துல புண்ணு. அதுலதான் போயிட்டாங்க" என்றாள் அக்கா.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. "எங்கம்மாவுக்கும் இதேதான் டாக்டர்" என்று நான் சொன்னபோது அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளைப் பற்றி எழுதுவது அதைவிடச் சுலபம். அதனால் அதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தங்கச் சுரங்கத்தை, எங்கள் பேச்சில் மைன்ஸை, மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கம்பெனி காலத்தில் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது ஒன்று. எங்கள் லைனில் ரிட்டயர் ஆகிற வயதை முறையாகத் தொட்டவர்கள் குறைவு. ஷாஃப்டை மூடியபோது அப்பாவுக்கு நாற்பத்தைந்து. உடம்பில் தெம்பிருக்க, வேலை இல்லாமல் போய்விட்டது. பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போய், வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அக்கா இருபது வயதில் தினமும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போய் வந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு வரனும் வந்தது. மாப்பிள்ளை பங்காருப்பேட்டை, நிரந்தர வேலை. அப்படி ஒரு வரன் எங்கள் லைனுக்குள் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் நகை, நட்டு பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "வூட்ல யாருக்குனா இருமல் கிருமல் கீதா?" சுரங்கத் தூசு நெஞ்சில் இறங்கிச் செத்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்ததால் வந்த கேள்வி அது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அப்பா ஒரு மணி நேரம் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் தலை மறைந்ததும் பின்பக்கம் போய் இருமித் தீர்த்தார். இருமலுக்கே இந்தப் பாடு. பெண்ணைப் பெற்றவளுக்கு மார்பில் புற்று என்று தெரிந்தால் பங்காருப்பேட்டைக்காரர்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

அம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டோ மூன்றோ. கட்டி வந்ததை நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு இதுதான்: வைத்தியம் பெங்களூரில். விலாசம் லிங்கராஜபுரத்தில் இருக்கும் சித்தி வீட்டினுடையது. எங்கள் லைனுக்கு வரும் தபாலெல்லாம் முனைக் கடையில்தான் விழும். உறையின் மேல் ஆஸ்பத்திரி முத்திரை ஒன்று இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் கடைசி வீடு வரை செய்தி போய்விடும். அக்காவுக்கும் தெரியக் கூடாது என்று முடிவானது. அவள் ரயிலில் கூட வரும் பெண்களிடம் அழுது தீர்த்துவிடுவாள் என்று அம்மா பயந்தாள். அதனால் அவளுக்கு வயிற்றுப் புண்.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், எனக்குக் கன்னடம் எழுதத் தெரியும். அம்மாவும் அப்பாவும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், ஒரு எழுத்து எழுத வராது. ஆஸ்பத்திரி ஃபாரத்தை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்து எழுதச் சொன்னால் அவர் நாலு கேள்வி கேட்பார். நான் கேட்க மாட்டேன். அப்படித்தான் அந்த ரகசியத்துக்கு நான் ஆளானேன். எனக்கு அதில் பெருமைதான். அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிவது அதுதான் முதல் தடவை.

அன்று அக்கா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, அடுத்த ரயிலில் நாங்கள் போனோம். வழியெல்லாம் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள்.

"யார்னா எந்த ஊருன்னு கேட்டா?"

"லிங்கராஜபுரம்."

"எவ்ளோ நாளா?"

"பொறந்ததுலருந்து."

"நம்ம வூட்டு விஷயம் எதுனா கேட்டா?"

"தெரியாது."

"தோ பாரு பாப்பா, அக்கா கல்யாணம் உன் வாயிலதான் கீது" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு வொயிட்ஃபீல்டு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கல்யாணம் கீழே விழுந்துவிடும் போலிருந்தது.

ஃபாரத்தை நான்தான் எழுதினேன். அம்மாவின் பெயர், வயது, அப்புறம் விலாசம். பள்ளியில் எனக்குக் கையெழுத்துக்குப் பரிசு கிடைத்திருந்தது, அந்த அழகோடு லிங்கராஜபுரம், பெங்களூரு என்று எழுதினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா அம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, மைன்ஸ் பக்கத்துப் பேச்சு மாதிரி இருக்கிறதே என்றார். அம்மா நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பிறந்ததிலிருந்து இங்கேதான் என்று நான் கன்னடத்தில் சொன்னேன். அவர் முத்திரை குத்தினார். அந்த ஒரு குத்தில் அம்மா பெங்களூர்க்காரி ஆகிவிட்டாள்.

காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள். பாதிப் பேருக்கு அம்மாவின் வயது கூட இருக்காது. நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு வரிசை தள்ளி, அம்மாவின் பச்சை நிறப் பயணப் பை தரையில் இருப்பதைப் பார்த்தேன். கைப்பிடியில் அம்மா தைத்துப் போட்ட சிவப்பு நூல் கூட அப்படியே இருந்தது. முந்தின நாள்தான் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, ஆம்பூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போவதாகச் சொல்லி அதை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். பையை ஒட்டி அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமா.

அத்தை வேறு யாரோ அல்ல. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் எங்கள் முருகன் படம் மாட்டிய ஆணி அந்தப் பக்கம் அவர்கள் புத்தர் படத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மாமா கேலி செய்வார். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதே நேரத்தில் நர்ஸ் அத்தையின் பெயரைக் கூப்பிட்டாள். அதே பெயரில் இன்னொருவரும் இருந்ததால், "ஸ்ரீராமபுரம்" என்று, ஃபாரத்தில் இருந்த பெங்களூர்ப் பேட்டையின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். அத்தை எழுந்தாள். திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள். அத்தை பையை எடுத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள். மாமா செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். அது கன்னடச் செய்தித்தாள். மாமாவுக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது.

அவர்கள் மறைத்தது எதற்காக என்று பிறகு தெரிந்தது. அவர்கள் மகனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அடுத்த வருஷம் போனாள், அம்மா அதற்கு எட்டு மாதம் கழித்து. மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்களில் அம்மா வாந்தி எடுக்கும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும், அத்தை எடுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. இரண்டு பேரும் ரசம் கொடுத்து அனுப்பிக்கொண்டார்கள். "எனக்கும் அதுதான்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. எதை நினைத்தாலும் ஆறிப்போகிறது, இது மட்டும் எனக்கு ஆறவில்லை. ஒருத்தி லிங்கராஜபுரம், ஒருத்தி ஸ்ரீராமபுரம். தங்க வயலிலிருந்து யாரும் வரவில்லையே என்று அந்தச் சின்ன டாக்டர் ஆச்சரியப்பட்டால் அவர் மேல் என்ன தப்பு?

பெரியவளான பிறகாவது அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். முதலில் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் என்று இருந்தோம். பிறகு அவள் பிள்ளைத்தாய்ச்சி. பிறகு மாமியார் பக்கத்திலேயே இருந்தாள். அப்பாவும் சித்தியும் போய்ச் சேர்ந்த பிறகு, அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். வருஷங்கள் போகப் போக எனக்கே வயிற்றுப் புண் என்றுதான் வாயில் வந்தது. சமாதானம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று கடைசியில் எங்கள் முறை வந்தது. பெரிய டாக்டர், பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்த ஒரு அம்மாள். அம்மாவைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கை கழுவினார். நர்ஸ் ஊசி குத்தி ரத்தம் எடுக்க அம்மாவை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எழுதிக்கொண்டே என்னிடம் கன்னடத்தில் கேட்டார்.

"உன் கையெழுத்து நல்லா இருக்குன்னு கிளார்க் சொன்னார். உனக்குக் கூடப் பிறந்த அக்கா, தங்கச்சி இருக்காங்களா?"

அந்த இரண்டு மாதமாக, வீட்டில் பெண் இருக்கிறதா என்று கேட்டவர்கள் எல்லோருமே மாப்பிள்ளை வீட்டோடு சம்பந்தப்பட்டவர்கள். தரகர் கேட்டார். பங்காருப்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டாள். அவளும் இப்படித்தான் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, என்னிடம் தனியாக, சிரித்துக்கொண்டே கேட்டாள். இந்த அம்மாளுக்கும் அந்தப் பக்கம் உறவு இருக்காது என்று எப்படிச் சொல்வது? அம்மா இதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நானாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய இடம் இது என்று தெரிந்தது.

"இல்லை. நான் ஒருத்திதான்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "சரி. அக்கா இருந்தா அடுத்த தடவை கூட்டிக்கிட்டு வரச் சொல்லலாம்னு பார்த்தேன். நீ சின்னவ, உனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லி என் கன்னத்தில் தட்டினார்.

கூட்டி வரச் சொல்லலாம் என்று பார்த்தாராமே. நான் நினைத்தது சரியாகப் போயிற்று. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு நிலைகொள்ளவில்லை.

மத்தியான ரயிலில் கூட்டம் இல்லை. பெங்களூர் கண்டோன்மெண்டில் எங்கள் பெட்டியிலேயே அத்தையும் மாமாவும் ஏறினார்கள். வேறு பெட்டிக்குப் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. எதிர் சீட்டில் உட்கார்ந்து அத்தைதான் முதலில் பேசினாள்.

"இன்னா, தங்கச்சி வூட்டுக்கா?"

"ஆமா. நீங்க ஆம்பூர்லருந்தா?"

"ஆமா. நல்லா செஞ்சாங்க."

ஆம்பூர் எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம், எதிர்த் திசையில் இருக்கிறது என்று அந்தப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா தலையசைத்து, சாப்பாடு எப்படி என்று விசாரித்தாள். பிரியாணி என்றாள் அத்தை. பிறகு இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தை தூங்கிப் போனாள்.

நான் அம்மாவின் காதில், டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"அவுங்க இன்னாத்துக்கு அதைக் கேட்டாங்க?"

"பொண்ணு பாக்கத்தான். கூட்டிட்டு வரச் சொல்லலாம்னு இருந்தாங்களாம்."

அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அத்தை விழித்துக்கொள்ளாமல் இருக்க வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "நல்ல வேலை பண்ண போ" என்று என் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசனை அடித்த அந்த மடியில், அக்காவை அந்த டாக்டரின் கண்ணில் படாமல் காப்பாற்றிவிட்ட நிம்மதியில், ஊரிகம் வரும்வரை நான் நன்றாகத் தூங்கினேன்.