இன்னும் ஒரு விமானம்

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது எங்கள் புனே வீட்டில் மராத்தி தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பாவின் இந்தி தொழிற்சாலையில் திட்டு வாங்கவும் சந்தையில் பேரம் பேசவும் மட்டும் போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. ஆகவே கேஸ்காரரிடம் சண்டை போடுவதிலிருந்து பால்காரரைச் சமாதானப்படுத்துவது வரை என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததென்றால் அதற்கு அவர்கள்தான் பொறுப்பு.

அதற்கு முந்தைய வருடம் வரை ஞாயிற்றுக்கிழமை என்றால் விமானம். அப்பா ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு, நாங்கள் குடியிருந்த ஹடப்சரிலிருந்து விமான் நகர் பக்கம் போவார். விமான நிலையச் சுவரோரம் நின்று, தலையை உரசுகிற மாதிரி இறங்கும் விமானங்களைப் பார்ப்போம். எது வந்தாலும் "இது மெட்ராஸ் பிளேன்ட்டி" என்று அளப்பார். பிறகு முண்ட்வா சாலையில் இருந்த ஒரு ஒயின் ஷாப் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. அங்கே போய் வந்தபின் அப்பா வீட்டில்தான் இருப்பார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. ஒரே வீட்டில் இருக்கிற ஆளுக்காக அப்படி ஏங்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு மாலை அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்து, "வா, விமான் நகர் போவோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் படி வரை வந்து, "அப்பாவ விட்டுராத, என்ன?" என்றாள். நான் தொலைந்துபோவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். அந்த ஒயின் ஷாப் பக்கம் ஸ்கூட்டர் தானாகவே மெதுவானது. அம்மா சொன்னபடி பின்னாலிருந்து அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். வண்டி நகர்ந்தது.

விமான் நகரில் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஒரு ஜூஸ் கடை முன் நிறுத்தி, "இங்க ஒரு மீட்டிங் நடக்குதாம், எங்கன்னு கேளு" என்றார். என்ன மீட்டிங் என்றேன். "சும்மா மீட்டிங்னு கேளு." புனேயில் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் என்று கேட்டால் வேறெங்கே அனுப்புவார்கள்? ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி மீட்டிங்குக்குத்தான், அதாவது குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு. கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் கத்தினார், ஒருவர் மன்னிப்புக் கேட்டார், ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்து, இவ்வளவு பேரா என்பது போல மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரிக்காகத்தான் அந்தச் சண்டை என்பது எனக்கு விளங்கியது. நாங்களும் அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். டீயும் உருளைக்கிழங்கு வேஃபரும் வந்தன. செயலாளர் அப்பாவைப் பார்த்து ஏதோ கேட்க, தன் முறை வந்துவிட்டதென்று அப்பா எழுந்து நின்றார். "எந்த ஃப்ளாட்டுன்னு கேக்காரு, அப்பா" என்றேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார், திருகவில்லை. அப்படியே திரும்பியிருந்தால் வழியில் எங்கே நின்றிருப்போம் என்று இப்போது தெரியும். என் முகத்தைப் பார்க்காமல், "குடிய விட்டவங்க கூடுத எடம் எங்கன்னு கேளுட்டி" என்றார். குடி என்ற சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேனிடம் என் மிகச் சிறந்த மராத்தியில், தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த சந்தில் இருந்த பள்ளிக்கூடம் வரை கூடவே நடந்து வந்தார்.

வகுப்பறையில் சின்னப் பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்றார் வாசலில் நின்றவர். அப்பாவை விடமாட்டேன் என்றேன் நான். கடைசியில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியே ஒரு கையை நீட்டினார். வராந்தாவில் நின்றபடி பிடித்துக்கொண்டேன். அவர் முறை வந்தபோது இந்தி இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துபோனது. நான் மராத்தியில் சொல்லட்டுமா என்று எட்டிக் கேட்டேன். வேண்டாம், அவர் பாஷையிலேயே பேசட்டும் என்றார் வாசல்காரர். அப்பா தமிழில் பேசினார். "போற வழியில அந்தக் கடை இருக்கு. எப்படித் தாண்டிப் போவேன்னு தெரியல. பயமா இருக்கு." தமிழ் தெரியாத அத்தனை பேரும் மெல்லத் தலையாட்டினார்கள். நான்தான் ஜன்னல் வழியே, "வேற வழி இருக்கும்ப்பா, நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

அந்த வாட்ச்மேனிடம் கேட்டுத்தான், அந்தக் கடைப் பக்கம் போகாமல் விமான நிலையச் சுவரை ஒட்டிச் சுற்றி வரும் சாலை எங்களுக்குக் கிடைத்தது. சுவரோரம் அப்பா ஸ்கூட்டரை நிறுத்தினார். ஒரு விமானம் இறங்கியது. "மெட்ராஸ் பிளேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்கு மீட்டிங், எனக்கு வராந்தாவில் வீட்டுப்பாடம், பிறகு இருவருக்கும் விமானம். சுவரோரம் அப்படி நிற்பதெல்லாம் எனக்காகத்தான் என்று உறுதியாக நம்பினேன்.

அடுத்த வருடம் விமானம் எனக்கு அலுத்துப்போயிற்று. ஒருநாள், "போதும்ப்பா, பசிக்குது. முண்ட்வா ரோட்டுலயே நேரா போயிருவோம்" என்றேன். அப்பா ஸ்டாண்டை எடுக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடியே, "இன்னும் ஒண்ணு மட்டும் பாத்துட்டுப் போவோம்ட்டி" என்றார். இந்த மனிதருக்கு விமானம் என்றால் இவ்வளவு பைத்தியமா என்று நினைத்து, பெரிய மனசு பண்ணி நானும் கூட நின்றேன்.