நான் அடைத்த கூரைத் திறப்பு

அந்த வார்டின் கூரைத் திறப்பை அடைக்கச் சொன்னவன் நான்தான். மேஸ்திரி அல்ல, மேலதிகாரியும் அல்ல. நான்.

இதை இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதால் மனம் லேசாகிவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை... ஆனாலும் கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கென்று தனி வார்டு கட்டினார்கள். வரைபடம் போட்ட பொறியாளன் நான். காசநோய் காற்றில் பரவுவது. ஒருவன் இருமிய காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அருகில் இருப்பவனுக்கு ஆபத்து. ஆகவே மேற்குச் சுவரில் தாழ்வான ஜன்னல்கள் வைத்தேன். கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஒரு திறப்பு விட்டேன். மலைக்காற்று கீழே நுழைந்து, கட்டில்களைக் கடந்து, உச்சி வழியாக வெளியேறிவிடும். மின்விசிறிகூடத் தேவையில்லை. எவ்வளவு கர்வம் எனக்கு அப்போது!

கிழக்கே ஒரு நீண்ட வராந்தா. மலைக்காரர்கள் நோயாளியைத் தனியே விட்டுப் போகமாட்டார்கள். வீட்டு ஆட்களும் கூடவே வந்து தங்குவார்கள். சாமையைப் பொங்கித் தின்றுவிட்டு, கம்பளியை விரித்து அங்கேயே படுப்பார்கள். குளிர்காற்று படாமல், காலை வெயில் விழும்படியாக, அவர்களுக்கென்றே அதை அமைத்தேன். அதற்கும் பாராட்டு வாங்கினேன்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மழை கொட்டியது. உச்சித் திறப்பு வழியே சாரல் இறங்கி ஒரு கட்டில் முழுக்க நனைந்துபோயிற்று. அதற்கு மேலே சற்று உயரத்தில் ஒரு தகர மறைப்பு போட்டிருந்தால் போதும். நீர் விழாது, காற்றும் போகும். வரைபடத்தில் அதை விட்டுவிட்டவன் நான். மறுநாளோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அவர்கள் கண்முன்னால் என் கட்டடம் ஒழுகுவதா?

"தகரத்த வெச்சு அடைச்சிடு மேஸ்திரி," என்றேன்.

"இன்னா சார், மொத்தமாவா?"

"விழா முடியட்டும். அப்புறம் பிரிச்சிக்கலாம்."

அந்த 'அப்புறம்' வரவேயில்லை... பிரித்தால் ஏன் அடைத்தாய் என்று கேட்பார்களே.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கட்டடத்தைப் பார்வையிடப் போயிருந்தேன். வார்டு ஆயா சாம்பிராணி போட்டு, கட்டில் கட்டிலாகக் காட்டிக்கொண்டு வந்தாள். புகை மேலே எழுந்தது. தகரத்தில் முட்டியது. போக வழியில்லாமல் திரும்பி, கிழக்கு வாசல்கள் வழியாக வராந்தாவுக்குள் போயிற்று. அங்கே ஒருத்தி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சடைச்சி; உள்ளே படுத்திருந்த வெள்ளையனின் மனைவி. புகை நேராக அவள் முகத்தில் போய் விழுந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. நோயாளிகள் இருமிய காற்றும் இதே வழியாகத்தான் அவளிடம் போகிறது. அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேரிடமும் போகிறது.

டாக்டர் அப்போது என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "காத்தோட்டம்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"நல்லாவே இருக்குதுங்க டாக்டர்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் வரைபடத்தை வேறு ஊர்களிலும் எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு இருந்தது. ஒழுகிய கதை வெளியே வந்தால் பெயர் கெடும். அவ்வளவுதான்... இதைவிடப் பெரிய காரணம் ஏதும் இருந்திருந்தால், இன்று உங்களிடம் சொல்லவாவது கௌரவமாக இருந்திருக்கும். கடைசியில் அந்த வரைபடத்தை யாரும் கேட்கவுமில்லை. எனக்கு மாற்றலாயிற்று. தகரத்தை அப்படியே விட்டுவிட்டு மலையிறங்கினேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் ஒருவன் என்னைக் கண்டதும் ஓடிவந்தான்.

"சார், என்ன தெரியுதுங்களா? வெள்ளையன். உங்க கட்டடத்துல படுத்துப் பொழச்சவன்."

சடைச்சியைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"போய்ட்டா சார். ஆஸ்பத்திரில இருந்து வூட்டுக்கு வந்தப்புறம் இரும ஆரம்பிச்சா. மருந்து குடுத்தும் தேறல. என் சீக்குதான் ஒட்டிக்கிச்சாம், ஊர்ல அல்லாரும் சொல்றாங்க. கூட வந்து பாத்துக்கினவள நானே கொன்னுட்டேன் சார்."

அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். மருத்துவமனைக்கு வரும் முன்பே, வீட்டிலேயே அவளுக்குத் தொற்றியிருக்கலாம். நோய் எந்தக் காற்றில் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கினேன். ஆனால் ஒன்று. அந்தச் சந்தேகம் தரும் ஆறுதலில் அவனுக்கும் பங்கு உண்டல்லவா? அதை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன்.

தகரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"உன் மேல தப்பு இல்லப்பா," என்று மட்டும் சொன்னேன். யார்மேல் என்று சொல்லவில்லை.

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் புளியை எடுத்து என் கையில் வைத்தான். வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டேன்.

அவன் உயிரோடுதான் இருக்கிறான். மனைவியைக் கொன்றவன் தானே என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பான். அவன் ஊருக்கு இப்போது பஸ் போகிறது. நான் இன்னும் ஏறவில்லை...