ஜன்னல் இல்லாத என் சமையலறை

நாடாளுமன்றத்தில் என் அடுப்பைப் பற்றிப் பேசினார்கள். செங்கம் ரோட்டில் நான் சமையல் வேலை பார்க்கும் விடுதியின் டிவியில் அதைப் பார்த்தேன். கையில் பாதி நறுக்கிய பீன்ஸ். வீடுகளில் கேஸ் கசிந்து பெண்கள் வெந்துபோவதைப் பற்றி ஓர் உறுப்பினர் காரமாகக் கேட்டார். பதில் சொன்னவர் தாளைப் பார்த்துப் படித்தார். வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிறார்களாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். மேஜையைத் தட்டினார்கள்.

அந்தக் கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று.

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால் சிலிண்டர்காரர் முந்தின நாளே அவசரமாக வருவார். வாசலில் சிலிண்டரை உருட்டிவிட்டு, "போடுக்கா, நேரமாவுது" என்று தாளை நீட்டுவார். சோதனைத் தாளும் அதில்தான் இருக்கும். அவர் உள்ளே வந்து பார்த்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. தெருவே அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறது.

உள்ளே வந்திருந்தால் பார்த்திருப்பார். சமையலறைக்கு இருந்த ஒரே ஜன்னலைப் போன வருஷம் வீட்டுக்காரர் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அந்தப் பக்கம் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்க ஒரு கடை. ஒரு பௌர்ணமிக்குத்தான் என்றார். கடை அப்படியே நின்றுவிட்டது. கேஸ் டியூப் வெடிப்பு விட்டுக் கிடந்தது. தாளிக்கும்போது தலை சுற்றும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஏஜென்சிக்குப் போனேன்.

"எல்லாம் சரினு நீங்கதான கையெழுத்து போட்டிருக்கீங்க?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"பாக்காம போட்டேன். தப்புதான். இப்ப வந்து பாத்து எழுதுங்க. என் பேர்ல டில்லியில பொய் சொல்லிக்கினு இருக்காங்க."

"அப்ப டில்லிக்கே போய்க் கேளுக்கா, இங்க ஏன் வரிசையை நிறுத்தற?" என்றார் எனக்குப் பின்னால் நின்றவர்.

"உங்க வூட்டு டியூப்பை என்னைக்கு பாத்தீங்க?" என்றேன்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். டியூப்பை மாற்றினார். சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "காத்தே இல்லியேக்கா. இங்க கேஸ் வைக்கவே கூடாது. ஆனா அப்படி எழுதினா ஜன்னல் வர்ற வரைக்கும் சிலிண்டர் தர மாட்டாங்க. சரினு போட்டுடட்டா?"

"உள்ளதை எழுதுங்க."

எழுதினார். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "இன்னாம்மா இது? இத்தினி நாள் சமைக்கல? நாலு நாள்ல பௌர்ணமி. கடையைப் பிரின்னா எப்படி? புடிக்கலன்னா காலி பண்ணு."

காலி செய்தால் எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் சொன்னேன்: "பண்றேன். இந்தத் தாளை வாசல் கதவுல ஒட்டிட்டுதான் போவேன். அடுத்து குடி வர்றவங்க படிச்சிட்டு வரட்டும்."

பின்னாலேயே இறங்கி வந்த அவர் மனைவி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு மேலே கூரையைப் பார்த்தார்.

"யோவ், இதுக்கு நேர் மேல நம்ம கட்டில்தான கீது?"

வீட்டுக்காரர் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை கொத்தனார் வந்தார். கற்பூரப் பெட்டிகளை வீட்டுக்காரரே முனகிக்கொண்டு தூக்கி வைத்தார். செங்கல்லை இடித்ததில் என் அரிசிப் பானை முழுக்க மண். சட்டமும் கம்பியும் போடமாட்டாராம், வேண்டுமானால் நானே போட்டுக்கொள்ள வேண்டுமாம். போட மாட்டேன். ஜன்னலை எடுத்தவர்தான் ஜன்னலை வைக்க வேண்டும். அதுவரை சுவரில் ஓட்டைதான். பௌர்ணமிக்கு நடப்பவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா கொழம்புக்கா?" என்கிறார்கள். பார்க்கட்டும்.